நாங்கூழும் எருவும்

கெடா மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள செர்டாங் வட்டாரம் பால்மரத் தோட்டங்களால் வளர்ந்தது. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் முன்னோர் மாடு வளர்த்தனர். சாணத்தையும் குப்பையையும் குவித்துக் காய்கறிக்கு எருவாக்கினர். இன்று அவ்வேலையை வீட்டுப் பெட்டிக்குள் மண்புழு செய்கிறது. எருவை எடுக்கும்போது புழுவையும் இழந்துவிடுவோர் பலர். புழுவின் இயல்பை அறிந்தால் இவ்விழப்பு நேராது.

மண்புழுவின் பழந்தமிழ்ப் பெயர் நாங்கூழ். எறும்புகளிடையே சிக்கிய நாங்கூழைத் தம் நிலைக்கு உவமையாக்கினார் மணிவாசகர். இவ்வெளிய உயிரை ஆராய்ச்சிப் பொருளாக உயர்த்தியவர் சார்லஸ் டார்வின். 1837-இல் இலண்டன் நிலவியல் கழகத்தில் இதுபற்றிக் கட்டுரை படித்த அவர், 1881-இல் தனி நூலே வெளியிட்டார். மண் நிரப்பிய சட்டிகளில் புழுக்களை வீட்டிலேயே வளர்த்து, இரவில் விளக்கொளி காட்டிப் பார்த்தார். கண்ணில்லாப் புழு, முன்னுடலில் ஒளி பட்டதும் வளைக்குள் ஒடுங்குவதைக் கண்டார்.

எரு எடுக்கும் முறைக்கு அடிப்படை இவ்வியல்பேயாகும். சில நாள்களுக்குக் கழிவிடுவதை நிறுத்துக. பெட்டியிலுள்ளதை விரிப்பின்மேல் கொட்டிச் சிறு கூம்புகளாகக் குவித்து, வெளிச்சத்தில் வைத்திடுக, சுடுவெயில் ஆகாது. ஒளிக்கு அஞ்சிப் புழுக்கள் அடியில் இறங்கும். பத்து நிமிடம் கழித்து மேற்பரப்பை மட்டும் வழித்தெடுக்க வேண்டும். மீண்டும் மீண்டும் இவ்வாறு செய்தால், இறுதியில் புழுக்கள் திரளாக அடியில் எஞ்சும். எருவினுள் காணப்படும் சிறிய மஞ்சள்நிறக் கூடுகள் புழுவின் முட்டைக் கூடுகள். அவற்றையும் பெட்டிக்கே திருப்பிவிடுதல் வேண்டும். எருவை நெடுநாள் எடுக்காது விட்டால், தம் கழிவிலேயே உழலும் புழுக்கள் நலிந்து குறையும்.

அமெரிக்க ஆசிரியை மேரி ஏப்பல்ஹாஃப் 1982-இல் வெளியிட்ட நூல் வீட்டுப் பெட்டி முறையைப் பரப்பியது. சென்னைப் புதுக்கல்லூரியில் பணியாற்றிய அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில், அந்தந்த மண்ணுக்குரிய புழுவையே பயன்படுத்த வேண்டுமென வலியுறுத்தினார்.

அப்படியாயின், தோட்டத்து மண்ணைத் தோண்டிப் புழு எடுக்கலாமா? அது பெரும்பாலும் பயன்படாது. பால்மரத்தைப் போலவே தென்னமெரிக்காவிலிருந்து வந்து வெப்பநாட்டுத் தோட்டங்களெங்கும் பரவிய ஒரு புழுவினம் உண்டு. அது மண்ணைத் தின்று மண்ணுள் வாழ்வது, பெட்டிக்கு ஏற்றதன்று. மக்கும் குப்பையிலும் சாணக் குவியலிலும் வாழும் பெரியோனிக்ஸ் என்னும் ஆசியப் புழுவே ஏற்றது. இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் அது இயல்பாகவே உண்டு.

ஆகவே, நமக்கு வேண்டிய புழுவைத் தேடவேண்டிய இடம், லயத்துப் பின்புறத்தில் நம் முன்னோர் குவித்தது போன்ற சாணக் குவியலேயாம். பழைய எருக்குழியும் புதிய பெட்டியும் வேறல்ல. ஒன்றன் தொடர்ச்சியே மற்றொன்று.