முத்துலட்சுமி ரெட்டி

முத்துலட்சுமி ரெட்டி (30.7.1886 – 22.7.1968): மருத்துவர், சமூகச் சீர்திருத்தவாதி, பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர். புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் இசைவேளாளர் குலத்தவர். ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் இவர் சேரப் பெரும் எதிர்ப்பு கிளம்பியபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம்கொடுக்கச் செய்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களில் குறுக்கிடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் மணத்துக்கு இசைந்தார்.

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921இல் வாக்குரிமை கிடைத்தாலும், சட்டசபையில் அமரும் உரிமை 1926இல்தான் வந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய சொற்ப வாக்குகளில் தோற்றார். மாதர் சங்கத்தின் பரிந்துரையில் முத்துலட்சுமி நியமன உறுப்பினராகச் சபைக்கு வந்தார். உறுப்பினர்கள் அவரை ஒருமனதாகத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தனர்.

சபையில் இருந்த காலம் சில ஆண்டுகளே. ஆனால் அவர் பெயர் நிலைத்தது அந்த ஆண்டுகளால்தான். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கக் கோரி 1927 நவம்பரில் தீர்மானம் கொண்டுவந்தார். சபை ஏற்றது, ஆனால் தீர்மானம் சட்டமாகாது. அவருடைய சட்ட நுணுக்கம் இதற்கு அடுத்த படியில் தெரிகிறது. பொட்டுக்கட்டப்பட்ட பெண்களான தேவதாசிகளின் குடும்பங்களுக்குக் கோயில் பணிக்காக மானிய நிலம் விடப்பட்டிருந்தது. பணி நின்றால் நிலம் போய்விடும். நிலம் கைநழுவாதிருக்க அடுத்த தலைமுறைப் பெண்ணுக்கும் பொட்டுக்கட்ட வேண்டும். முதலில் இந்த முடிச்சை அவிழ்த்தார். 1926ஆம் ஆண்டின் இந்து அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திருத்தம் 1929இல் நிறைவேறியது. அதன்படி, பணி செய்யாமலே, அதற்கு ஈடாக ஒரு தொகையைச் செலுத்தி நிலத்தை வைத்துக்கொள்ளலாம். பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் மசோதாவை 1930 தொடக்கத்தில் கொண்டுவந்தார்.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்தும் வந்தது. சபைக்குள்ளேயே சத்தியமூர்த்தி போன்ற தலைவர்கள் மரபின் பெயரால் எதிர்த்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலான தேவதாசிகளே சங்கமாகத் திரண்டு, தாங்கள் கலைஞர்கள், விலைமகளிர் அல்லர் என்று அரசுக்கு மனு அளித்தனர். அந்தக் குரலைப் புறந்தள்ளிவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது. சொத்துரிமையும் கலைவாழ்வும் கொண்டிருந்த பெண்கள் சீர்திருத்தத்தில் இழந்ததும் உண்டு. மறுபுறம், அதே பின்புலத்திலிருந்து வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஒழிப்பின் பக்கம் உறுதியாக நின்றார். நிலத்தைக் காத்துத் தந்துவிட்டுத் தடையைக் கேட்ட முத்துலட்சுமியின் வரிசைமுறை, அந்தப் பெண்களின் பிழைப்பை அவர் எண்ணிப் பார்த்ததைக் காட்டுகிறது.

மசோதா சட்டமாகுமுன், உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தி கைதானதைக் கண்டித்து 1930இல் பதவி விலகினார். சபை அனுபவங்களை அதே ஆண்டில் ஆங்கிலத்தில் நூலாக்கினார். பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த 1947இல்தான் நிறைவேறியது.

பதவி விலகிய ஆண்டிலேயே ஔவை இல்லம் பிறந்தது. பொட்டுக்கட்டுக்குத் தப்பி வந்த சிறுமியரைச் சேர்க்க விடுதிகள் மறுத்தபோது, தம் வீட்டிலேயே இடம் கொடுத்து அதைத் தொடங்கினார். இல்லம் பின்னர் அடையாற்றுக்கு மாறியது.

தங்கை புற்றுநோயால் இறந்த துயரம் அவரை விடவே இல்லை. அவருடைய முயற்சியால், 1952இல் நேரு அடிக்கல் நாட்டிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் 12 படுக்கைகளோடு இயங்கத் தொடங்கியது. 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார். அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் வி. சாந்தாவும் அந்த மருத்துவமனையை நாடறிந்த சிகிச்சை மையமாக வளர்த்தனர்.