ஒரு தொப்பிக்காகக் கூடிய சனம்

கூட்டுச் செயற்பாடும் சமூக மாற்றமும் பற்றிச் சமூகவியலாளர்கள் எங்கே மாநாடு கூட்டினாலும் மன்குர் ஓல்சனின் பெயர் வந்துவிடும். இந்த அமெரிக்கப் பொருளியலாளர் 1965இல் வெளியிட்ட நூலில் எழுப்பிய கேள்வி எளிமையானது. போராட்டத்தின் பலன் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் என்றால், ஒருவன் தன் பாட்டைக் கெடுத்துக்கொண்டு ஏன் அதில் சேர வேண்டும்? "மத்தவங்க செய்யட்டும், நமக்கும் கிடைக்கும்தானே" எண்டு வீட்டில் இருந்துவிட மாட்டானா? இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 1905ஆம் ஆண்டின் கொழும்பு நினைவுக்கு வரும். அங்கே நடந்தது இதைவிட விநோதம். நேரடிப் பலன் எதுவும் இல்லாத சனம்தான் அங்கே திரண்டது.

அந்த ஆண்டு மே மாதம், யாழ்ப்பாணத்து முஸ்லிம் வழக்கறிஞர் எம்.ஸி. அப்துல் காதர் துருக்கித் தொப்பி அணிந்து உயர் நீதிமன்றத்தில் தோன்றினார். பிரதம நீதியரசர் சேர் சார்ள்ஸ் லேயர்ட் அதை ஆட்சேபித்தார். அப்துல் காதர் தொப்பியைக் கழற்ற இணங்கவில்லை.

அன்றைய இலங்கையில் முஸ்லிம் வழக்கறிஞர்கள் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணிவிடலாம். புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவருக்கும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவருக்கும் தொப்பியோடு வழக்குப் பேசும் உரிமையால் என்ன இலாபம்? ஆனாலும் அவ்வருடம் டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசலில் பெருங்கூட்டம் கூடியது. மௌலவி ரபியுத்தீன் அஹ்மத் இந்தியாவிலிருந்து வந்து பேசினார். (விக்டோரியா மகாராணியின் முன்ஷி அப்துல் கரீமுக்கு நெருக்கமானவர் இவர். ஆளைத் தெரிவு செய்தவர்களின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.) சோனகர் மட்டுமல்ல, போரா வணிகர்களும் இதில் முன்னின்றார்கள். விண்ணப்பம் மன்னர் வரைக்கும் போனது. அடுத்த ஆண்டில் தடை நீங்கியது.

விநோதம் இன்னொன்றும் உண்டு. இந்தத் தொப்பி நம் முன்னோரின் உடையே அல்ல. ஒராபி பாஷாவும் தோழர்களும் 1883இல் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கே வந்த பிறகுதான் அது நம்மவர் மத்தியில் பரவலானது. இருபது வருசப் பழக்கம், அவ்வளவுதான்! அதைப் பரம்பரை உடை என்று சொல்வது சரித்திரமாகாது. ஆனால் அந்த இருபது வருசத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் கூட்டத்தின் காரணம் விளங்கும். 1885இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று சட்டசபையில் வாதிட்டார். 1889இல் முஸ்லிம்களுக்கென முதல் நியமன உறுப்பினர் கிடைத்தார். இராமநாதனுக்கு மறுப்பெழுதிய ஐ.எல்.எம். அப்துல் அஸீஸின் காலமும் இதுதான். "நீங்கள் யார்?" என்ற கேள்வி ஊரெல்லாம் பேசப்பட்ட காலத்தில், தொப்பியே பதிலாகிவிட்டது. அதைக் கழற்று என்றது, தனியொரு வழக்கறிஞருக்குச் சொன்னதாக எவருக்கும் படவில்லை.

ஓல்சனின் கணக்கில் மானத்துக்கு இடம் குறைவு. ஆனால் அவரை முற்றாகத் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. கோபம் தானாகக் கூட்டமாகி விடுவதில்லை. குழு அமைக்க ஆள் வேண்டும், பேச்சாளரைக் கப்பலில் கூட்டி வரக் காசு வேண்டும், சனத்தைக் கூப்பிடப் பள்ளிவாசல் வேண்டும். சித்திலெப்பை 1882இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' மாதிரியான பத்திரிகைகள் வாசிக்கும் கூட்டமொன்றை ஏற்கெனவே உருவாக்கியிருந்தன.

அதே சித்திலெப்பை பிள்ளைகளைப் படிக்க அனுப்புங்கள் என்று எத்தனை வருசம் மன்றாடினார்! வாப்பிச்சி மரைக்காரின் தோள்கொடுப்போடு 1892இல் மருதானையில் மத்ரஸா எழுந்ததே பெரும் பாடு. அதுதான் பின்னர் ஸாஹிராவானது. அந்தப் பள்ளிக்கூடத்துக்காக இப்படியொரு சனம் திரண்டதாக நான் எங்கும் வாசித்ததில்லை. அவமானம் கூட்டிய சனத்தைத் தேவை கூட்டவில்லை. மாநாட்டு அறிஞர்கள் இதை ஒரு முழு நாள் பேசினாலும் தகும்.

வழிமுறையும் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு காலமும் தனக்குப் பழக்கமான போராட்ட வழிகளையே கையிலெடுக்கும் என்பார் சார்ள்ஸ் டிலி. 1905இல் அது பொதுக்கூட்டமும் மகஜரும். எல்லாம் ஆங்கிலேயனிடம் கற்றதே. 2020 டிசம்பரில், கட்டாயத் தகனத்தை எதிர்த்துப் பொரளை மயானத்தின் வேலியில் கட்டப்பட்ட வெள்ளைத் துணிக்குக் குழுவும் தேவைப்படவில்லை, மேடையும் தேவைப்படவில்லை. முஸ்லிம் அல்லாதவர்களும் வந்து கட்டினார்கள்.

தொப்பியின் மீதிக் கதை சிறியது. 1925இல் முஸ்தபா கமால் துருக்கியிலேயே அதைச் சட்டம் போட்டுத் தடுத்தார். நம் சேர் ராசிக் பரீத் அதற்குப் பிறகும் அணிந்துகொண்டுதான் இருந்தார்.