வால்யூம் வளர்ந்த கதை

குபெர்னெட்டிஸில் முன்பெல்லாம் ஒரு வால்யூம் நிரம்பிட்டா, பெரிசா இன்னொன்று உருவாக்கி, டேட்டாபேஸை நிறுத்தி, எல்லாத்தையும் நகலெடுக்கணும். ஒரு ராத்திரி முழுக்க நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். கன்டெய்னர் என்றாலே வந்து போகிற ஒன்று என்ற நினைப்பு; தரவோ தங்கிப் பெருகியது.

2017-ல் 1.8 பதிப்பில் விரிவாக்கம் ஆல்ஃபாவாக எட்டிப் பார்த்தது, அதுவும் கிளஸ்டர்எஃப்எஸ்ஸுக்கு மட்டும். 2018-ல், 1.11-ல் பீட்டா. அப்போதும் வட்டு பெரிசாகும், மேலிருக்கும் ஃபைல் சிஸ்டம் பழைய அளவிலேயே நிற்கும். பாட்-ஐ (Pod) மறுபடி கிளப்பினால்தான் இடம் கண்ணில் படும். நிலைபெற்றது 2022-ல், 1.24-ல். இப்போ ஸ்டோரேஜ் கிளாஸில் அனுமதி இருந்து, டிரைவரும் ஒத்துழைத்தால், ஓடும்போதே வளரும்.

சுருக்க மட்டும் வழியில்லை. போன மாதம் 50 ஜிபி என்பதற்கு 500 என்று அடித்துவிட்டேன். மறுபடியும் நகலெடுக்கிற ராத்திரி.