எண்பது வயதில் ஓத அமர்ந்த இமாம்

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டு பக்தாதில், இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்களின் உபதேச மஜ்லிஸ் என்றால் ஊரே திரளும். கலீஃபாவும் வந்து செவிமடுத்ததுண்டு. தஃப்ஸீர், ஹதீஸ், வரலாறு என்று எத்தனையோ துறைகளில் எண்ணற்ற நூல்களை எழுதிக் குவித்தவர்கள். ஒரு மனிதர் தம் வாழ்நாளில் செய்யத்தக்கதெல்லாம் செய்து முடித்துவிட்டார் என்று எவரும் சொல்லியிருப்பர்.

ஹிஜ்ரி 590இல் (1194) அரசவைப் பகை அந்த வாழ்வைக் கவிழ்த்தது. ஏறத்தாழ 80 வயதை எட்டியிருந்த இமாமவர்களைப் படகில் ஏற்றி, வாஸித் நகருக்குக் கொண்டுசென்று ஒரு வீட்டில் அடைத்தார்கள். அங்கே தமக்குத் தாமே சமைத்தார்கள். தம் துணியைத் தாமே துவைத்தார்கள். கிணற்றில் தாமே நீர் இறைத்தார்கள். இந்த நிலை ஐந்தாண்டுகள் நீடித்தது. பக்தாதில் விட்டு வந்த நூல்களையோ மகன்களில் ஒருவரான அலீ அற்ப விலைக்கு விற்றுத் தீர்த்தார். கல்வியின்பால் ஆர்வமூட்டி இமாமவர்கள் ‘லஃப்ததுல் கபித்’ என்னும் அறிவுரை நூலை எழுதியது இதே மகனுக்காகத்தான் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

அந்த வாஸிதில்தான் இமாமவர்கள் ஒரு புதிய முயற்சியைக் கையிலெடுத்தார்கள்: குர்ஆனைப் பத்து கிராஅத்களிலும் ஓதிக் கற்பது. இது நூலைப் புரட்டிக் கற்கும் கல்வியன்று. உஸ்தாத் முன் அமர்ந்து வாய்விட்டு ஓத வேண்டும். பிழை நேர்ந்தால் அவர் திருத்துவார். திரும்பவும் ஓத வேண்டும். உஸ்தாதாக வாய்த்தவர் வாஸிதின் புகழ்பெற்ற காரீ இப்னுல் பாகில்லானீ. ஹிஜ்ரி 500இல் பிறந்த அவருக்கு அப்போது வயது 90ஐக் கடந்திருந்தது. இமாமவர்களுடன் சேர்ந்து ஓதியவர் அவர்களின் இளைய மகன் யூசுஃப். ஹிஜ்ரி 580இல் பிறந்த சிறுவர். 90ஐக் கடந்த ஆசான், 80ஐ எட்டிய மாணவர், பத்துப் பன்னிரண்டு வயதுச் சக மாணவர். இப்படியொரு வகுப்பை வரலாற்றில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

யூசுஃப் தந்தைக்கு அறிவுரை கூறினார் என்று குறிப்பு எதுவும் இல்லை. உடன் அமர்ந்து ஓதினார் என்பதே குறிப்பு. முதியோரை ஊக்குவிப்பதற்கு இதனினும் சிறந்த முறை உண்டா?

நம் வீடுகளில் வாப்பாவிடமும் உம்மாவிடமும் மாத்திரை போட்டீர்களா என்று கேட்கிறோம். சாப்பிட்டீர்களா என்று கேட்கிறோம். இந்த ஆண்டு என்ன செய்ய நாடியிருக்கிறீர்கள் என்று கேட்பது அரிது. ‘இனி உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம்’ என்னும் சொல் மரியாதைபோல் ஒலித்தாலும், கதவைச் சாத்தும் சொல்லாகவே அமைகிறது. சிறுவயதில் மதரஸாவை விட்டு நின்ற உம்மாவுக்குத் தஜ்வீதோடு ஓதவேண்டும் என்ற ஏக்கம் இருக்கலாம். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த பாட்டிமார் இன்றும் சில ஊர்களில் உள்ளனர். பெட்டியில் கிடக்கும் பழைய கிதாபைத் தமிழெழுத்தில் பெயர்த்தெழுத அவர்களைவிடத் தகுந்தவர் யார்? ஆனால் இலக்கு அவர்களுடையதாக இருக்க வேண்டும். நாம் வகுத்துக் கொடுத்தால் அது இன்னுமொரு மருந்துச்சீட்டாகிவிடும். நம் பங்கு, நாள்தோறும் மஃரிபுக்குப் பின் கால் மணி நேரம் அருகில் அமர்வது. முடிந்தால் நாமும் சேர்ந்து கற்பது.

ஹிஜ்ரி 595இல் இமாமவர்களுக்கு விடுதலை கிடைத்தது. அதற்கும் யூசுஃபே காரணம். இளம் வயதிலேயே உபதேசம் செய்யத் தொடங்கியிருந்த அவர் கலீஃபாவின் தாயாரை அணுக, அந்த அம்மையார் பரிந்து பேசினார். இரண்டாண்டுகள் கழித்து, ஹிஜ்ரி 597 ரமளானில் இமாமவர்கள் பக்தாதில் வஃபாத்தானார்கள்.

யூசுஃப் பிற்காலத்தில் அப்பாஸிய அரசவையில் உயர்பதவி வகித்தார். ஹிஜ்ரி 656இல் (1258) மங்கோலியர் பக்தாதைச் சூறையாடியபோது கொல்லப்பட்டார். திமிஷ்கில் அவர் நிறுவிய மதரஸாவுக்குக் குடும்பப் பெயரால் ‘ஜவ்ஸிய்யா’ என்று பெயர் நிலைத்தது. பின்னாளில் அங்கே மேற்பார்வையாளராக, அதாவது ‘கய்யிம்’ ஆக இருந்தவரின் மகனைத்தான் நாம் இமாம் இப்னுல் கய்யிம் அல்ஜவ்ஸிய்யா (ரஹ்) என்று அழைக்கிறோம்.