ரேகன் சனநாயகக் கட்சியினர்

ரேகன் சனநாயகக் கட்சியினர் என்பது, ஐக்கிய அமெரிக்காவில் வழமையாகச் சனநாயகக் கட்சிக்கு வாக்களித்து வந்து, 1980, 1984 ஆம் ஆண்டு அதிபர் தேர்தல்களில் குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரேகனை ஆதரித்தவர்களைக் குறிக்கும் சொல்லாகும். இவர்களுள் பெரும்பாலோர் வெள்ளையினத் தொழிலாளர்கள். தொழிலாளர்கள் பொருளாதார நலனை விடப் பண்பாட்டுச் சிக்கல்களுக்கு முதன்மை தருகின்றனரா என்ற விவாதத்தில் இவர்கள் எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகின்றனர்.

மக்கோம் கவுண்டி

மிச்சிகன் மாநிலத்தில் டிட்ராயிட் நகரை அடுத்துள்ள இக்கவுண்டியில் வாகனத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் மிகுதியாக வாழ்ந்தனர். 1960 இல் கென்னடிக்கு 63% வாக்குகளை அளித்த இக்கவுண்டி, 1984 இல் ரேகனுக்கு 66% வாக்குகளை அளித்தது.

காரணங்கள்

கருத்துக்கணிப்பாளர் இசுட்டான்லி கிரீன்பெர்க் 1985 இல் இங்கு ஆய்வு மேற்கொண்டார். சனநாயகக் கட்சி தம்மைக் கைவிட்டு, கறுப்பினத்தவர், வறியோர் ஆகியோரின் நலனையே பேணுவதாக இவ்வாக்காளர்கள் கருதியதை அவர் கண்டறிந்தார். டிட்ராயிட் மாணவர்களையும் புறநகர் மாணவர்களையும் பேருந்துகள் மூலம் பள்ளி மாற்றி இனப்பிரிவினையை நீக்கும் திட்டம் முன்னர்க் கடும் எதிர்ப்பைச் சந்தித்திருந்தது. 1974 இல் உச்ச நீதிமன்றம் அதனை நிராகரித்தது. வரிச்சுமை, விலைவாசி உயர்வு, வேலையிழப்பு ஆகியனவும் சேர்ந்திருந்ததால், பண்பாட்டுக் காரணங்களைப் பொருளாதாரக் காரணங்களிலிருந்து முற்றாகப் பிரிப்பது கடினம்.

மாற்றுக் கருத்துகள்

பண்பாட்டுச் சிக்கல்களே தொழிலாளர்களைத் திசைதிருப்புகின்றன எனத் தாமசு பிராங்க் 2004 இல் கான்சசு மாநிலத்தைப் பற்றிய நூலில் வாதிட்டார். குறைந்த வருமானமுடைய வெள்ளையினரிடையே சனநாயகக் கட்சி ஆதரவை இழந்தது தென் மாநிலங்களில் மட்டுமே என அரசியல் அறிவியலாளர் லாரி பார்ட்டெல்சு 2006 இல் மறுத்தார்.

பிற்காலத் தேர்தல்கள்

மக்கோம் கவுண்டியில் 2008, 2012 இல் பராக் ஒபாமாவும், 2016, 2020, 2024 இல் டொனால்ட் டிரம்பும் முன்னிலை பெற்றனர்.