மூன்று புள்ளிகளின் வரலாறு

கூட்டல் கணக்குக்கு ஒருவர் இரண்டு எண் கொடுப்பார், இன்னொருவர் இருபது கொடுப்பார். நிரல் எழுதுபவருக்கு அது முன்கூட்டித் தெரியாது. புள்ளியியலுக்கான ஆர் மொழியில் இதற்கு வழி, ஃபங்ஷனின் ஆர்க்யுமென்ட் வரிசையில் மூன்று புள்ளிகள். அவை இருந்தால் எத்தனை வந்தாலும் ஃபங்ஷன் வாங்கிக்கொள்ளும்.

இந்த ஏற்பாடு ஆருக்கு மூத்தது. 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்ஸும் சகாக்களும் தொடங்கிய எஸ் மொழியில் பயனர்கள் எழுதியவை மேக்ரோக்கள். 1988இல் புதுப்பித்த எஸ்ஸில் அவற்றின் இடத்துக்கு ஃபங்ஷன்கள் வந்தன, புள்ளிகளும் இருந்தன. 1992இல், தரவின் வகைக்கேற்ப ஒரே பெயர் வெவ்வேறு வேலை செய்யும் முறை புகுந்தது. 'பிரிண்ட்', 'சம்மரி' போன்ற பொதுப் பெயர்களுக்குக் கீழே நாளை யார் என்ன ஆர்க்யுமென்ட் கேட்பார் என்று தெரியாததால், வசதியாக இருந்த புள்ளிகள் தேவையாகின. ஆக்லாந்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய ஆர் அவற்றை ஏற்றது. அதன் 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29இல் வந்தது.

புள்ளிகளைத் தாராளமாகப் பயன்படுத்திய இந்தியர், டெல்லி இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தீபாயன் சர்க்கார். அவருடைய 'லாட்டிஸ்' வரைபடத் தொகுப்பில், வெளி ஃபங்ஷனுக்குத் தரும் நிறமும் குறியும் புள்ளிகள் வழியாக உள்ளே படம் வரையும் ஃபங்ஷனுக்குப் போய்ச் சேருகின்றன. வெளி ஃபங்ஷனுக்கு அவற்றின் பெயர்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இந்தத் தாராளத்துக்கு விலையும் உண்டு. புள்ளிகளுக்குப் பின் வரும் ஆர்க்யுமென்டின் பெயரை எழுத்துப் பிசகாமல் முழுதாக எழுத வேண்டும். கூட்டல் ஃபங்ஷனில், விடுபட்ட மதிப்புகளை ஒதுக்கச் சொல்லும் ஆர்க்யுமென்டின் பெயர் தவறினால் ஆர் குறை சொல்லாது. 'ஆம்' என்ற அதன் மதிப்பை 1 என்று எண்ணிக் கூட்டிவிடும். 1, 2, 3இன் கூட்டுத்தொகை 7 ஆகும்.   சில ஆய்வுகளில் விரல்விட்டு எண்ணும் நிகழ்வுகளே கிடைக்கும். அந்த இடத்தில் ஓர் 1 கூடினால் முடிவே மாறலாம். சராசரியில் பிழை வேறு விதம்: 1, 2, 3 என்று தனித்தனியாகக் கொடுத்தால் விடை 1. முதல் எண் மட்டுமே தரவு, மற்றவை வேறு ஆர்க்யுமென்ட்களாகப் போய்விடும்.

மொழி மெல்லத்தான் திருந்தியது. புள்ளிகளில் எத்தனை வந்தன என்று எண்ணவும் ஒன்றை மட்டும் எடுக்கவும் வழிகள் 2018இன் 3.5.0இல் வந்தன, பெயர்களைப் பார்க்கும் வழி 2021இன் 4.1.0இல். பயன்படாமல் கிடக்கும் ஆர்க்யுமென்டுக்கு எச்சரிக்கை தரும் ஃபங்ஷனும் ஆரில் இருக்கிறது, ஆனால் நிரல் எழுதுபவர் அழைத்தால்தான் அது வேலை செய்யும்.