திம்புள்ளயிலிருந்து மன்னார்த் தீவுக்கு

மன்னார்த் தீவுக்கு நான் போனது கடல் பார்க்கத்தான். திம்புள்ளயில் பிறந்து வளர்ந்தவனுக்கு மழையும் பனிமூட்டமும் தேயிலையும் பழகிப்போனவை. வெயிலும் வெண்மணலும்தான் அதிசயம். ஆனால், போன இடத்தில் எங்கள் தோட்டங்களின் வரலாறும் எங்கள் சமூகத்தின் வரலாறும் ஒன்றாகக் கிடைத்தன.

பெருநிலத்திலிருந்து தாம்போதி வழியாகத் தீவுக்குள் நுழைய வேண்டும். இருபுறமும் ஆழமில்லாத கடல். பருவகாலத்தில் வங்காலைப் பக்கம் பூநாரைகள் கூட்டமாக இறங்கும். தாம்போதி முடியுமிடத்தில் கோட்டை நிற்கிறது. 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. தெருவெல்லாம் கழுதைகள். பள்ளிமுனையில் ஒரு பெருக்குமரம். பத்துப் பதினைந்து பேர் கைகோத்தாலும் அடங்காது. ஆபிரிக்காவுக்குரிய அந்த மரத்தை அரபு வணிகர் கொண்டுவந்தார்கள் என்பது பொதுவான கருத்து.

நகருக்கருகே ஆதம், ஹவ்வா கப்றுகள் என்று சொல்லப்படும் இரண்டு நீண்ட கப்றுகள் உள்ளன. இது வழிவழி வந்த நம்பிக்கையே தவிர வரலாற்றுச் சான்றல்ல. ஆனாலும் எங்கள் அட்டன் பக்கத்துப் பாவாதமலையும் இந்தத் தீவும் ஒரே பெயரால் இணைந்திருப்பது கவனிக்கத்தக்கது. அந்த மலையைத் தேடித்தான் இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தார்.

மலையகத்துக்கும் மன்னாருக்கும் உள்ள மற்றத் தொடர்பு கோப்பியால் வந்தது. கரீபியன் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்ததும் அங்கே கோப்பி விளைச்சல் சரிந்தது. ஜமைக்காவில் தொழில் பழகிய ரொபர்ட் பொய்ட் டைட்லர் 1837இல் இலங்கை வந்து அந்நாட்டு முறையை இங்கே புகுத்தினார். அடிமைகளின் இடத்துக்குத் தமிழகத்துக் கிராமத்து ஏழைகள் கொண்டுவரப்பட்டார்கள். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். 2023இல், மலையகம் 200 நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே திசையில் ஒரு நடைபயணம் நடந்தது.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பலும், தலைமன்னாரிலிருந்து ரயிலும் ஓடத் தொடங்கின. வந்த வழியே திரும்பிப் போகும் வழியும் ஆனது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். அதே ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது.

வாப்பாவுக்குத் திம்புள்ளயில் சின்னதாக ஒரு சில்லறைக் கடை. லயத்து ஆட்களுக்கெல்லாம் கடன் கொப்பியில்தான் அரிசி, மா. இந்தியாவுக்குப் போக இருந்த ஒரு குடும்பத்தின் பெரியவர் முதல்நாள் இரவு வந்து, "நானா, கடனோட கடல் தாண்டக் கூடாது" என்று முடிச்சை அவிழ்த்தார். வாப்பா காசை வாங்கவில்லை. மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு தலவாக்கலை ஸ்டேஷனுக்குப் போனார். ஒப்பாரிக் கோச்சி என்று அந்த ரயிலுக்குப் பெயர். வாப்பா அழுததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அந்தக் கோச்சி போய் நின்ற தலைமன்னார் இறங்குதுறையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் எருக்கலம்பிட்டியில் லுஹர் தொழுதேன். பள்ளிவாசலில் சந்தித்த வயதான ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "எங்களுக்குக் கோச்சியும் இல்ல தம்பி. தோணியிலதான் கற்பிட்டிக்குப் போனோம். உடுத்த உடுப்போட போனோம். பக்கத்து ஊர்த் தமிழாக்கள் சிலபேர் கரையில நின்டு அழுதாங்க."

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறைக் காலத்தைக் கழித்தார்கள். 2009க்குப் பின் திரும்பியவர்களில் பலருக்கு வீட்டின் இடத்தில் பற்றைக்காடுதான் இருந்தது.

ஒரே தீவின் வழியாக இரண்டு சமூகங்கள் துரத்தப்பட்டிருக்கின்றன. ஒன்றை ஒப்பந்தம் துரத்தியது. மற்றதைத் துப்பாக்கி துரத்தியது. இரண்டு தடவையும் அழுதவர்களில் அடுத்த சமூகத்தவரும் இருந்தார்கள். நம் வரலாற்று நூல்கள் அவரவர் துயரத்தை மட்டுமே எழுதி வைத்திருக்கின்றன. அந்தக் கண்ணீர் பதிவாகவில்லை.

வாப்பாவின் கடன் கொப்பிகள் இன்றும் வீட்டுப் பரணில் இருக்கின்றன. எந்தக் குடும்பம் எந்த மாதம் வரை சாமான் வாங்கியது, எப்போது கணக்கு நின்றுபோனது என்பதெல்லாம் அதில் உண்டு. மலையகத்துப் பழைய கடைகளில் இப்படி இன்னும் எத்தனையோ இருக்கக்கூடும். கறையான் தின்னுமுன் அவற்றை ஆவணமாக்க வேண்டும். எருக்கலம்பிட்டிப் பெரியவரைப் போன்றவர்களின் வாய்மொழியும் அப்படித்தான். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நம் கடமை.